ஆப்பக் கடைக்குப் போன வாடகைக் கூட்டம்

நான் போட்ட கெனோப்பிக்கு, அதாவது வாடகைப் பந்தலுக்கு, கீழே உட்கார்ந்திருந்த ஒரு கூட்டம் பட்டப்பகலில் எழுந்து போனதை நான் பார்த்திருக்கிறேன். அதைச் சொல்வதற்கு முன் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன்.

கேரி தீவுத் தோட்டத்தில் பிறந்தவன். மூன்றாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. இன்று கிள்ளானில் கெனோப்பி, நாற்காலி, மைக் செட் வாடகைக்கு வேண்டும் என்றால் முதல் போன் எனக்குத்தான் வரும். கல்யாணம், கருமாதி, கோயில் திருவிழா, சர்ச் பெருநாள், எல்லாக் கட்சிகளின் செராமா என்கிற பிரசாரக் கூட்டமும் என் கைதான். காலையில் ஒரு கட்சி உட்கார்ந்த நாற்காலியைத் துடைத்து, சாயங்காலம் எதிர்க்கட்சிக்குப் போட்டிருக்கிறேன். என் லோரிக்குக் கட்சி கிடையாது.

நாற்காலி கணக்கு

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகள் முதலில் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். கல்யாணத்துக்கு வருகிற ஆட்களைவிட அதிகமாக நாற்காலி போட வேண்டும். அரசியலுக்குக் குறைவாகப் போட வேண்டும். கொஞ்சம் பேர் நின்றால்தான் படத்தில் கூட்டம் வழிகிற மாதிரி தெரியும். காலி நாற்காலி ஒன்று கேமராவில் விழுந்தாலும் தலைவருக்கு முகம் சுருங்கிவிடும்.

அமெரிக்காவில் தேர்தல் நடந்த சமயம், பிரிக்பீல்ட்ஸில் ஒரு சாப்பாட்டுக் கடை டிவியில் அங்கத்துப் பிரசாரக் கூட்டம் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. சுற்றி இருந்தவர்கள் எவ்வளவு கூட்டம் என்று வாயைப் பிளந்தார்கள். நான் பேசுகிறவரைப் பார்க்கவில்லை. அவருக்குப் பின்னால் வரிசை வரிசையாக ஆட்களை உட்கார வைத்திருந்தார்கள். ஒருத்தர் முதுகைப் பார்க்க யாராவது அவ்வளவு தூரம் வருவார்களா? அது கேமராவுக்காகப் போட்ட வரிசை. கையில் பிடித்திருந்த அட்டைகளும் ஒரே அளவு. அங்கேயும் என்னைப் போல ஒருத்தன் விடியற்காலையில் வந்து வேலை பார்த்துவிட்டுப் போயிருக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன். மற்றவர்கள் ஜனங்களின் மனசைப் பார்த்தார்கள். நான் வேலைக்காரனின் கையைப் பார்த்தேன்.

டவுன்ஹால்

ரவின் என்று ஒரு பையன், முப்பது வயது இருக்கும், என் ஸ்டோருக்கு வந்தான். தொழில் கேம்பேன் கன்சல்டன்ட். அமெரிக்காவில் படித்து, அங்கே தேர்தல் வேலையும் பார்த்தவனாம். கிள்ளானில் ஒரு சந்துக்குப் பக்கத்துத் திடலில் ஞாயிறு காலை ‘குடியிருப்பாளர் டவுன்ஹால்’ என்று ஒரு கூட்டம் நடத்த வேண்டும் என்றான். என்ன விஷயம் என்று கேட்டேன். சந்தில் இருக்கிற சாப்பாட்டுக் கடைகளை எடுத்துவிட்டு கார் நிறுத்த இடம் வேண்டும் என்று ஜனங்கள் கேட்கிறார்களாம். ஒய்பி, அதாவது அந்தத் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர், நேரில் வந்து அவர்கள் குரலைக் கேட்கப் போகிறாராம்.

எனக்கு அங்கேயே சுருக்கென்றது. அந்தச் சந்தில்தான் மேரி அக்கா ஆப்பக் கடை வைத்திருக்கிறார். என்னைவிட வயதில் சின்னவர். ஊரே அக்கா என்பதால் எனக்கும் அக்கா. புருஷன் போன பிறகு அந்தத் தள்ளுவண்டிக் கடையில்தான் இரண்டு பெண்களைப் படிக்க வைக்கிறார். அங்கே தினமும் சாப்பிடுகிறவன் நான். கார் நிறுத்த இடம் வேண்டும் என்று ஒருத்தர் கேட்டு நான் கேள்விப்பட்டதில்லை. திடலை ஒட்டி ஒரு பெரிய கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. அதற்குத்தான் இடம் தேவை என்பது எனக்கே தெரியும்.

யார் கேட்டது தம்பி என்றேன். அவன் சிரித்தான்.

“அங்கிள், ஜனங்க என்ன நினைக்கிறாங்கன்னு முதல்ல கேட்கக் கூடாது. மத்தவங்க என்ன நினைக்கிறாங்கன்னு முதல்ல காட்டணும். அப்புறம் அவங்களே அதையே நினைப்பாங்க. நான் அங்க கத்துக்கிட்டது அதான்.”

கெட்டிக்காரன்தான். நான் நாற்பது வருஷமாகச் செய்கிற வேலைக்கு அவன் பெயர் வைத்துவிட்டான். ஆர்டரை எடுத்துக்கொண்டேன். நான் இல்லை என்றால் வேறு ஒருத்தன் போடுவான். நான் போட்டால் அங்கே நிற்கவாவது செய்வேன்.

மேரி அக்காவிடம் விஷயத்தைச் சொன்னேன். கடையைச் சாத்திவிடட்டுமா என்று கேட்டார். சாத்தினால் அவனுக்கு வேலை மிச்சம், வழக்கம் போலத் திறந்து வையுங்கள் என்றேன்.

சாப்பாடு கடைசியில்

ஞாயிறு காலை இரண்டு பஸ்ஸில் ஆட்கள் வந்து இறங்கினார்கள். எல்லாருக்கும் பச்சை டீ-சர்ட். முதுகில் ‘நம் சந்து, நம் உரிமை’. இறங்கியதும் ஒரு அம்மா என்னிடம் கழிவறை எங்கே என்று கேட்டார். குடியிருப்பாளர் அல்லவா, கேட்கத்தான் செய்வார். எங்கிருந்து வருகிறீர்கள் என்றேன். தெலுக் பங்லிமா காராங், ஃபேக்டரி ஆட்கள் என்றார். நைட் ஷிஃப்ட் முடிந்து நேராக வருகிறார்களாம்.

செராமாவில் ஒரு வழக்கம் உண்டு. சாப்பாட்டுப் பொட்டலத்தை முதலில் கொடுக்க மாட்டார்கள். கொடுத்தால் கூட்டம் கிளம்பிவிடும். ரவினும் அதையே செய்தான். பொட்டலங்கள் வேனில் பூட்டிக் கிடந்தன. ஆனால் ஒய்பி சீக்கிரத்தில் வருகிறவர் இல்லை. வெயில் ஏறியது. எதிரே பத்தடி தூரத்தில் மேரி அக்கா ஆப்பச் சட்டியின் மூடியைத் திறந்தார்.

முதலில் அந்தக் கழிவறை அம்மா எழுந்தார். அவர் பின்னால் இரண்டு பேர். பிறகு ஒரு வரிசை அப்படியே எழுந்தது. கொஞ்ச நேரத்தில் கடைகளை எடுக்கச் சொல்ல வந்தவர்கள் எல்லாரும் பச்சைச் சட்டையோடு அந்தக் கடை முன்னால் வரிசையில் நின்றார்கள். செய்தி போர்ட்டல் ஒன்றிலிருந்து கேமராவோடு ஒரு பெண் வந்திருந்தார். அவர் கேமராவை அந்தப் பக்கம் திருப்பினார்.

ரவின் ஓடி வந்தான்.

“அங்கிள், சைடு துணிய இறக்குங்க. கடை தெரியக் கூடாது. ப்ளீஸ் லா.”

“சைடு துணி ஆர்டர்ல இல்லையே தம்பி.”

“லோரில இருக்குமே?”

என் ஆள் முனியாண்டி லோரி கதவோரம் நின்றிருந்தான். அவனே கதவைச் சாத்திவிட்டு, “இல்ல பாஸ்,” என்றான். என்னிடம் இருபது வருஷம் வேலை பார்த்தவன் வேறு எப்படி இருப்பான்.

அந்த நேரம் பார்த்து ஒய்பியின் கார் வந்தது. அவர் இறங்கிப் பார்த்தார். திடலில் காலி நாற்காலிகள், கடை முன்னால் கூட்டம், கூட்டத்துக்குப் பக்கத்தில் கேமரா. அரசியல்வாதிக்கு அதற்கு மேல் யாரும் எடுத்துச் சொல்ல வேண்டாம். நேராக மேரி அக்காவிடம் போனார். ஒரு முட்டை ஆப்பம் வாங்கினார். கேமராவைப் பார்த்துக்கொண்டே, “ஜனங்க சாப்பிடுற இடத்துல யாரும் கை வைக்க முடியாது,” என்றார். பச்சைச் சட்டைகள் தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கை தட்டினார்கள்.

மத்தியானமே போர்ட்டலில் வந்துவிட்டது: ‘கடைகளைக் காக்கத் திரண்ட மக்கள்’. இரண்டு நாளில் கிள்ளான் முழுக்க அதுதான் பேச்சு. நிஜமாகவே அந்தச் சந்தில் குடியிருப்பவர்கள், அதுவரை வாயே திறக்காதவர்கள், நாங்களும் அன்றைக்கு அங்கே இருந்தோம் என்றார்கள். ரவின் சொன்னது பலித்தது. ஆனால் எதிர்ப்பக்கம் பலித்தது.

மறுவாரம் ரவின் போன் செய்தான். அதே குழு, அதே திடல், ‘கடைகளைக் காத்த ஒய்பிக்கு நன்றி’ விழா. டீ-சர்ட் மட்டும் மஞ்சள். இந்தத் தடவை சாப்பாட்டு ஆர்டர் மேரி அக்காவுக்கே. நானும் நாற்காலி போட்டேன், வழக்கம் போலக் குறைவாக.

விழா முடிந்ததும் அக்காவுக்கு ஒரே சந்தோஷம். வண்டிச் சக்கரத்தைக் கழற்றிவிட்டுச் சிமெண்ட் தரை போட்டு நிலையான கடையாக்கப் போவதாகச் சொன்னார்.

“வேணாம்க்கா,” என்றேன்.

“ஏண்ணே, அவ்ளோ பேர் எனக்காக வந்தாங்களே.”

“உங்களுக்காக வரல. பசிச்சு வந்தாங்க.”

அக்காவின் முகம் வாடியது. எனக்கே கஷ்டமாக இருந்தது. ஆனால் இளையவர்களுக்கும் அதையேதான் சொல்கிறேன். ஜனங்கள் விரும்புகிறார்கள் என்று யாராவது படம் காட்டினால், அந்தப் படத்தில் இருப்பவர்களை யார் அழைத்து வந்தார்கள், யார் உட்கார வைத்தார்கள் என்று கேளுங்கள். படம் உங்களுக்குச் சாதகமாக இருந்தால் இரண்டு தடவை கேளுங்கள்.

கடை இன்றும் அங்கேதான் இருக்கிறது. பெரிய கட்டடமும் முடிந்துவிட்டது. அதற்குக் கார் நிறுத்த இன்னும் இடம் இல்லை. தேர்தல் முடியட்டும் என்று கட்டடக்காரர்கள் காத்திருக்கிறார்கள் போலிருக்கிறது. அக்கா சிமெண்ட் போடவில்லை. மாதம் ஒரு முறை முனியாண்டி போய் வண்டிச் சக்கரத்துக்குக் காற்று அடித்துவிட்டு வருகிறான்.