சிவப்பு விளக்கும் அம்மாவின் குரலும்

அம்மாவுக்கு இரண்டு குரல்கள் உண்டு என்றுதான் சின்ன வயதில் நினைத்திருந்தேன். ஒன்று வீட்டில் என்னைத் திட்டுவது. மற்றது ஸ்பீக்கர் பெட்டியிலிருந்து வருவது. அது யாரையும் திட்டாது.

தளவாய்புரத்தில் நைட்டிகளை மொத்தமாக வாங்கி, லோடு ஆட்டோவில் அடுக்கித் திருவிழாக் கூட்டத்தில் விற்பது அப்பாவின் தொழில். மைக்கில் கூவுவது அம்மா. சக்கரம் வைத்த அந்தப் பெட்டிக்குள் லிமிட்டர் என்று ஒன்று இருந்தது. சத்தம் ஓர் அளவைத் தாண்டினால் அந்த நொடியே அமுக்கிப் பிடிக்கும்; சிவப்பு விளக்கு மினுங்கும். சத்தம் தணிந்ததும் பிடியை விட்டுவிடும். இல்லையென்றால் ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு கிழிந்துபோகுமாம். அப்பா வால்யூமை முழுதாகத் திருகி வைத்திருப்பார் என்பதால், அம்மா சாதாரணமாகக் கூவும்போதே விளக்கு மினுங்கும்.

"நீ எம்புட்டுக் கத்துனாலும் இதுக்கு மேல ஏறாது. தொண்டையக் கிழிச்சுக்காத" என்பார் அப்பா. அம்மா ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டுவிடுவாள்.

எனக்கு ஆறு வயதிருக்கும். ஸ்ரீவில்லிபுத்தூர் தேரோட்டத்தன்று, தேர் வடம் எங்கே போய் முடிகிறது என்று பார்க்கும் ஆசையில் ஆட்டோவை விட்டு இறங்கிப் போய்விட்டேன். என் உயரத்துக்குச் சேலை முந்தானைகளும் வேட்டிக் கால்களும்தான் தெரிந்தன. பால் சுண்டும் வாசனை தெருவெல்லாம் நிறைந்திருந்தது. நகர்வது தேரா, வீடுகளா, நானா என்றே விளங்கவில்லை.

அப்போது அம்மாவின் பெட்டிக் குரல் கூரைகளுக்கு மேலே மிதந்து வந்தது.

"மஞ்சப் பாவாட போட்ட பிள்ள... எங்கட்டி இருக்க? அம்மாகிட்ட வந்துரு..."

நைட்டி விலை சொல்லும் அதே அளவில்தான் அந்தத் தூரத்தில் கேட்டது. கோபமில்லை, அவசரமில்லை. ஊரே கேட்க என்னை அழைக்கிறாள்! எனக்குப் பெருமை பிடிபடவில்லை. போனால் கூப்பிடுவதை நிறுத்திவிடுவாளே என்று பால்கோவாக் கடைப் படியில் உட்கார்ந்துகொண்டேன். திரும்பத் திரும்ப வந்த அந்தக் குரலில் எனக்குக் கண்கூடச் சொக்கியது.

திடீரென்று குரல் நின்றது. எனக்குச் சப்பென்றாகிவிட்டது. எழுந்து, குரல் வந்த திசையிலேயே ஆட்டோவைத் தேடி நடந்தேன்.

அப்பா ஓடிவந்து என்னைத் தூக்கிக்கொண்டார். பக்கத்துப் பலூன்காரரிடம், "அந்தச் செவப்பு லைட்டு அணையவே இல்லண்ணே. உசிரு போற மாதிரி கத்துனா. பெட்டி வெளிய விட்டாத்தான?" என்றார்.

அம்மா நைட்டிக் குவியலில் தலை கலைந்து உட்கார்ந்திருந்தாள். என்னை இழுத்து முகத்தையும் கைகால்களையும் தடவித் தடவிப் பார்த்தாள். கழுத்து நரம்பு புடைக்க வாய் திறந்தாள். வெறும் காற்றுதான் வந்தது.

மைக் அணைந்திருக்கிறது, அதனால்தான் சத்தம் வரவில்லை என்று நினைத்தேன். கீழே கிடந்ததை எடுத்து, சுவிட்சைத் தள்ளி, அவள் வாயருகே நீட்டினேன்.

"இன்னொரு தடவ கூப்பிடும்மா" என்றேன்.