ஆச்சி வீட்டு அமெரிக்கக் கார்

இடது பக்கம் ஸ்டியரிங் உள்ள வண்டியை நம்ம ஊர் ரோட்டில் ஓட்டியவர்களுக்குத்தான் என் பாடு புரியும்.

அறுபதுகளின் நடுவில், காரைக்குடியில் உமையாள் ஆச்சி வீட்டில் டிரைவராகச் சேர்ந்தேன். ஆச்சிக்கு நாற்பது வயது, கணவர் இல்லை. மாமனார் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வரவழைத்த கறுப்புக் கார், பாகம் பிரித்தபோது ஆச்சிக்கு வந்தது. எட்டு சிலிண்டர். கதவைச் சாத்தினால் இரும்புப் பெட்டி மூடுகிற சத்தம். தினமும் துடைப்பேன், ஒருநாளும் சலித்ததில்லை.

முன்சீட்டு

நெற்குப்பைக்கு ஒரு விசேஷத்துக்குப் போகும்போது முன்னால் லாரி. நான் இருந்த பக்கத்திலிருந்து எதிரே வருவது தெரியாது. முந்தலாம் என்று வண்டியை வெளியே எடுத்தேன், எதிரே பஸ். எப்படியோ ஒடித்து, ஒரு புளியமரத்தடியில் நிறுத்தினேன். ஆச்சி ஒன்றும் திட்டவில்லை. பின்சீட்டிலிருந்து இறங்கி, முன்னால் எனக்கு வலப்பக்கம் வந்து உட்கார்ந்தார். இனி எதிர்வண்டியைத் தானே பார்த்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டார்.

விசேஷ வீட்டு வாசலில் அப்படியே போய் இறங்கினோம். ஆச்சியின் கொழுந்தனாருக்கு முகம் கறுத்துவிட்டது. கணவரை இழந்தவர் டிரைவர் பக்கத்தில் உட்காரலாமா என்று கேட்டார். ஆச்சி நிதானமாகச் சொன்னார்: “பின்னால உக்காந்து கௌரவமாச் சாகச் சொல்றீகளா தம்பி?”

புரோக்கர்

பெட்ரோல் விலை ஏறிய சமயம், வண்டியை விற்கவைக்க கொழுந்தனார் மெட்ராஸிலிருந்து ஒரு புரோக்கரை அனுப்பினார். அவர் என்னைத் தனியே கூப்பிட்டு, இன்ஜின் போய்விட்டது, பத்து மைல்கூட ஓடாது என்று ஆச்சியிடம் சொல்லச் சொன்னார். அவர் இப்படிச் சொல்லச் சொன்னதை அவர் எதிரிலேயே ஆச்சியிடம் சொல்லிவிட்டேன். ஓட்டியே பார்த்துவிடலாம் என்றார் ஆச்சி.

புரோக்கரைப் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டு, இருபது மைலுக்கு மேல் தள்ளியிருக்கிற சிங்கம்புணரிக்கு விட்டேன். பாதி வழியில் குறட்டைச் சத்தம். கடைவீதியில் நிறுத்தி எழுப்பினேன். கண்ணைக் கசக்கிக்கொண்டு கேட்டார்: “அதுக்குள்ள வந்துருச்சா?”

பாலம்

அடுத்து என்னையே கிளப்பப் பார்த்தார் கொழுந்தனார். அந்த வேலையை விடாவிட்டால் இந்த ஊரில் வேறு எவரும் என்னைச் சேர்க்க மாட்டார்கள் என்று ஆள் விட்டுச் சொன்னார். நான் விடவில்லை. ஆனால் ஆச்சி யோசித்தார். டிரைவரை மிரட்டித்தானே வண்டியை நிறுத்த முடியும்? தனக்கே ஓட்டக் கற்றுத்தரச் சொன்னார். வற்றிய கண்மாயில் ஒரு மாதம் பழகினார்.

பிறகு எல் போர்டு கட்டி, நாட்டரசன்கோட்டைக் கோவிலுக்கு அவரே ஓட்டினார். வழியில் ஒரு குறுகிய பாலம். நாங்கள் பாதி தாண்டியபின் எதிரே கொழுந்தனாரின் கார் ஏறியது. அவர் இறங்கிவந்து, எங்களைப் பின்னால் எடுக்கச் சொன்னார். ஆச்சி ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்காமல் சொன்னார்: “எனக்கு முன்னால போகத்தான் தெரியும் தம்பி. நீங்க பின்னால போங்க.”

அந்த வீட்டில் கடைசி ஐந்து வருஷம் ஸ்டியரிங்கையே தொடாமல் டிரைவர் சம்பளம் வாங்கினேன், அதற்காக ஒருநாளும் வெட்கப்பட்டதில்லை.