ஒரே குசினி, வேறு வேறு உப்பு

வந்தாறுமூலைக் கம்பஸில் படித்த என் கடைசி மகளை, ஆறு மாசம் படித்துவிட்டு வரச் சொல்லி சுவீடனுக்கு அனுப்பினார்கள். வீடியோவில் கதைக்கும்போதெல்லாம் அவள் குசினியில், அடுப்புக்கு முன்னால்தான் நிற்பாள். பின்னால் ஒரு நெட்டை வெள்ளைக்காரப் பொடியன் கோப்பை கழுவிக்கொண்டு நிற்பான்.

"ஆருகா அது?"

"பக்கத்து அறைப் பொடியன் அம்மா. இங்க எல்லாருக்கும் ஒரே குசினிதான்."

எங்கட பெரியகல்லாற்றில் மகள் கலியாணம் முடித்து வேறாகப் போனால், முதலில் பிரிவது குசினிதான். ஒரே குசினி என்றால் ஒரே குடும்பம். அவனோடு குடித்தனம் நடத்துகிறாளோ, இனி வரவே மாட்டாளோ என்று பயந்தேன். நேரே கேட்க வெட்கம்.

"உன்ர சாமான் வைக்கிற அலுமாரியைக் காட்டு பாப்பம்" என்றேன்.

காட்டினாள். ஒவ்வொரு தட்டிலும் ஒரு பேர் ஒட்டியிருந்தது. ஒவ்வொரு தட்டிலும் தனித்தனி உப்பு.

"உப்புக்கூடவா வேற வேற?"

"ஓம் அம்மா. மற்ற ஆக்கள்ர சாமானைத் தொடக்கூடாது."

மனம் ஆறினது. உப்பைப் பிரித்து வைத்திருக்கிறவர்கள் புருஷன் பெண்சாதியாக இருக்க முடியாது.

அடுத்த கிழமை அந்தப் பொடியன் மூக்குச் சிவந்து, கண்ணில் தண்ணி வடிய நின்றான்.

"அவனுக்கென்ன, தடிமனா?"

"இல்லம்மா, நம்மட மீன்கறி அவனுக்கு உறைச்சிட்டுது" என்று சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"அந்த அலுமாரியை இன்னொருக்காக் காட்டுகா" என்றேன்.