தீர்த்தம் கொடுத்த கை

மரு உதிர வேண்டுமென்று அமாவாசைக்கு அமாவாசை எங்கெங்கிருந்தோ வந்து எங்கள் கோயில் குளத்தில் வெல்லம் கரைப்பார்கள். அந்தக் கோயிலில் தீர்த்தம் கொடுக்கிற குடும்பத்தில் பிறந்த என் வலது கையில், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகளின் கடைசியில் மரு முளைத்தது. பெருமாளுக்குக் கிண்டல் பண்ண வேறு ஆள் கிடைக்கவில்லை போலிருக்கிறது. முதலில் கட்டைவிரலில் ஒன்று, பிறகு உள்ளங்கை வரை ஏழெட்டு. நானும் கூட்டம் வருவதற்கு முன்பே போய் மூன்று அமாவாசை வெல்லம் கரைத்தேன். ஒன்றும் நடக்கவில்லை.

ஒரு நாள் தீர்த்தத்துக்குக் கையை நீட்டிய அம்மாள் ஒருத்தி என் விரல்களைப் பார்த்ததும் வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். அப்பா பக்கத்தில்தான் நின்றிருந்தார். வீட்டுக்கு வந்ததும் சொன்னார்: "ஆவணிக்குள்ள கை சரியாகலேன்னா தீர்த்தம் குடுக்கற முறை உன் தம்பிக்குத்தான். சேவிக்க வரவா மூஞ்சியச் சுளிக்கறா. நான் என்னடா பண்ணட்டும்?" அவர் மேல் கோபப்பட முடியவில்லை. ஆனால் எனக்குத் தெரிந்தது அந்த ஒரு வேலைதான்.

உள்ளூரில் வைத்தியம் பார்த்தால் சிரிப்பார்கள். குளக்கரைக்காரனே டாக்டரிடம் ஓடுகிறான் என்பார்கள். அதனால் பட்டணம் போய் ரயில் மாறி, கவரைப்பேட்டையில் ஒரு டாக்டரைப் பார்த்தேன். அவரிடம் புற ஊதாக் கதிர் விளக்கு இருந்தது. நல்ல தோலைப் பிளாஸ்திரியால் மூடி, மருவை மட்டும் வெளியே விட்டு, அதன் அடியில் கையை வைக்க வேண்டும்.

"வெளக்கப் பாக்காத சாமி, கண்ணு பூடும். சும்மா குந்திக்கினு இரு, அத்தினியும் கருகி உதுந்துரும்" என்பான் கம்பவுண்டர்.

டாக்டர் சொன்னது ஒன்றே ஒன்று: "தோல் உரியற வரைக்கும் கையில தண்ணி படக்கூடாது." தலையாட்டிவிட்டு வந்தேன். ரயிலில் போய் வந்தவன் குளிக்காமல் எங்கள் வீட்டுக்குள் நுழைய முடியுமா? அதற்கு மேல் மூன்று வேளை சந்தியாவந்தனம். ஆசமனத்துக்கு வலது உள்ளங்கையைக் குழித்துத்தான் தண்ணீர் விட்டுக்கொள்ள வேண்டும். கொப்புளம் உடைந்து எரியும். பல்லைக் கடித்துக்கொண்டு மந்திரம் சொல்வேன். சில நாள் விட்டிருந்தால் பெருமாள் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார். அந்தப் புத்தி அப்போது இல்லை.

உதிர்ந்த இடத்தைச் சுற்றிப் புது மருக்கள் கிளம்பின. டாக்டர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தண்ணி பட்டுதா?"

"இல்லை" என்றேன். உண்மையைச் சொன்னால் வைத்தியத்தை நிறுத்திவிடுவாரோ என்று பயம். வெளிச்சம் போதவில்லை என்று நினைத்து அவர் நேரத்தைக் கூட்டினார். அடுத்த முறையும் கேட்டார். அடுத்த முறையும் பொய் சொன்னேன். இன்னும் கூட்டினார். கை வெந்தது. அந்தப் புண்ணோடும் ஆசமனம் செய்தேன். சீழ் வைத்தது.

"இன்னா சாமி, கைய இப்டி ஆக்கிக்கினு வந்துகீற?" என்று கம்பவுண்டர் பதறினான். டாக்டர் விளக்கை அணைத்துவிட்டுப் புண்ணுக்கு மருந்து போட்டார்.

ஆனியும் ஆடியும் அதிலேயே போயின. ஆறியபோது உள்ளங்கைத் தோல் இழுத்துக்கொண்டு கட்டையாகிவிட்டது. தீர்த்தம் விடும் உத்தரணியைப் பிடிக்க விரல் மடங்கவில்லை. ஓரத்தில் மருக்கள் மட்டும் சௌக்கியமாக இருந்தன.

ஆவணி முதல் நாள் தம்பி தீர்த்தம் கொடுத்தான். நானும் வரிசையில் நின்று கையை நீட்டினேன். கை குழியவில்லை. அவன் விட்ட தீர்த்தம் விரலிடுக்கில் ஓடித் தரையில் சிந்தியது. என் முகத்தைப் பார்க்காமல் மறுபடி விட்டான். அதுவும் நிற்கவில்லை.

"அண்ணா, இடது கையையும் சேத்துப் பிடிச்சுக்கோ" என்றான் மெதுவாக.

பின்னால் ஆட்கள் காத்திருந்தார்கள். நான் நகர்ந்துகொண்டேன்.