மூன்றாவது சுற்றில் வந்த முட்டி வலி

முட்டி வலி என்பது கிழவர்களுக்கு வருவது என்று நம்பிக்கொண்டிருந்தேன். எனக்கு அது இருபத்திரண்டு வயதில், மூன்றாவது சுற்றில், தெற்கு ராஜ வீதிக்குத் திரும்புகிற மூலையில் வந்தது. இடது முட்டியின் வெளிப்பக்கத்தில் ஊசியைக் காய்ச்சி இழுத்த மாதிரி இருந்தது. விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். விழவில்லை, மோதவில்லை, ஒரு கல்கூடத் தடுக்கவில்லை. ஒன்றுமே நடக்காமல் ஒரு கால் எப்படிக் கெட்டுப்போகும்? திகைத்துப்போய் அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

எழுபதுகளின் தொடக்கம் அது. போலீஸ் தேர்வுக்கு மனு போட்டிருந்தேன். அடுத்த வருடம் வயது தாண்டிவிடும், அதனால் இருந்தது அந்த ஒரே வாய்ப்புதான். அதற்காகத்தான் பெரிய காஞ்சிபுரத்தில் கோயிலைச் சுற்றியுள்ள நான்கு ராஜ வீதிகளையும் இருட்டு பிரியும் முன்பே ஓடி வந்தேன். பிறகு நாள் முழுக்கத் தறி. குழிக்குள் கால்களைத் தொங்கவிட்டு நான் மிதிப்பேன். என்னைவிட மூன்று வயது மூத்த அக்கா பக்கத்தில் உட்கார்ந்து, சேலையின் கரைக்கு நூல் ஓட்டும் நாடாக் கட்டையை வீசுவாள்.

அந்த வலியின் குணம் விசித்திரமாக இருந்தது. தறியில் உட்கார்ந்தால் சும்மா இருக்கும். படி இறங்கினால் குத்தும். ஓடும்போது முதல் இரண்டு சுற்று வாயே திறக்காது. மூன்றாவதில், சொல்லிவைத்த மாதிரி, அதே மூலையில் வந்து நிற்கும். கட்டுப் போடுகிறவரிடம் போனேன். முட்டை வெள்ளைக்கருவும் உளுத்தமாவும் குழைத்துப் பூசி, துணி சுற்றி, மூன்று வாரம் ஓடக்கூடாது என்றார். ஓடவில்லை. வலி சுத்தமாகப் போய்விட்டது. சந்தோஷத்தில் கட்டை அவிழ்த்துப் போட்டுவிட்டு மறுநாளே ஓடினேன். மூன்றாவது சுற்று, அதே மூலை, அதே ஊசி. எனக்கு உண்மையிலேயே பயம் வந்துவிட்டது. மூன்று வாரமும் அது அந்தக் கம்பத்தடியில் எனக்காகக் காத்திருந்ததோ என்று தோன்றியது.

பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர் முட்டியை மடக்கிப் பார்த்துவிட்டு, எலும்பு நன்றாக இருக்கிறது, ஓடாமல் இருந்தால் வலிக்காது என்றார். இதைச் சொல்லவா இத்தனை படிப்பு என்று எரிச்சலோடு வீட்டுக்கு வந்தேன். அதற்குப் பிறகு தினமும் இரண்டு சுற்றோடு நிறுத்திக்கொண்டேன்.

அந்த நாட்களில் அக்காவும் தறியை விட்டு எழும்போது சுவரைப் பிடித்தாள். கால் மரத்துப்போச்சு என்றாள். நான் ஓடிவிட்டு வந்து குளிக்கிற நேரத்தில் அவள் கோயிலுக்குக் கிளம்புவாள், திரும்ப வெகு நேரமாகும். நான் அவளைக் கிழவி என்று கூப்பிட்டுக் கேலி செய்தேன். அவளும் சிரித்தாள்.

தேர்வு வெளியூர் மைதானத்தில். ஓட்டத்துக்கு முன் உடம்பைச் சூடாக்க, சுண்ணாம்புக் கோட்டை ஒட்டி ஓட ஆரம்பித்தேன். எதிரே வந்தவர்கள் எல்லாரும் எனக்கு விலகி வழிவிட்டுப் போனார்கள். ஒரு போலீஸ்காரர் விசில் ஊதிக் கூப்பிட்டார்.

“எந்தூருபா நீ?”

காஞ்சிபுரம் என்றேன்.

“அதான் பிரதட்சணம் வர. இங்க நடுவுல சாமி கெடையாது. இடது கைப் பக்கம் திரும்பி ஓடு.”

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நடக்கப் பழகிய நாளிலிருந்து எதையும் வலம்தான் சுற்றியிருக்கிறேன். கோயிலை எதிர்ச்சுற்றாகச் சுற்றலாம் என்று எங்கள் தெருவில் ஒருவருக்கும் தோன்றாது, எனக்கும் தோன்றியதில்லை. ஓட்டம் தொடங்கியது. ஒவ்வொரு வளைவிலும் ஏதோ தப்புச் செய்கிற மாதிரி நெஞ்சு அடித்துக்கொண்டது. மூன்றாவது சுற்று வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். வலி வரவில்லை. நான்காவதிலும் வரவில்லை. முடிகிற கோட்டைத் தாண்டியும் நிற்காமல் ஓடியவனைக் கையைப் பிடித்து நிறுத்தினார்கள். தேறிவிட்டேன்.

திரும்பும் பஸ்ஸில் யோசித்தேன். மைதானம் சமதளம். எங்கள் வீதிகளோ நடுவில் மேடு, இரண்டு ஓரமும் சாக்கடைப் பக்கம் சரிவு. நான் எப்போதும் இடது ஓரத்தில், ஒரே திசையில் ஓடினேன். ஒவ்வொரு அடியிலும் இடது கால் பள்ளத்தில். மாதக்கணக்கில் அப்படி ஓடிவிட்டு, கட்டுப் போடுகிறவரையும் டாக்டரையும் திட்டியிருக்கிறேன். நான் மடையன்தான்.

வீட்டுக்குள் நுழைந்ததும் அக்கா வேலை கிடைக்குமா என்று கேட்கவில்லை. முட்டி வலித்ததா என்றுதான் கேட்டாள். வலிக்கவே இல்லை என்றதும் கண்ணை மூடிக் கும்பிட்டாள். நான் விஷயத்தைச் சொல்லச் சொல்ல அவள் முகம் மாறிக்கொண்டே வந்தது. சேலையைக் கொஞ்சம் உயர்த்திக் காட்டினாள். இடது முட்டி வீங்கியிருந்தது.

“எத்தினி நாளா?”

“நாப்பத்தெட்டு நாள் சுத்தறேன்னு வேண்டிக்கினேன். தெனம் மூணு சுத்து. நீ ஓடற ஓரத்துலயேதான் நடந்தேன். இன்னும் ஆறு நாள் இருக்குது.”

நான் தேறினால் என் இடத்தில் உட்கார்ந்து மிதிக்க வேண்டியவள் அவள்தான். அது தெரிந்தேதான் என் முட்டிக்காக நடந்திருக்கிறாள். அந்தக் காலைப் பார்த்துத்தான் நான் கிழவி என்றேன். வெட்கத்தில் அழுகை வந்தது.

விட்டுவிடு என்றேன். கேட்கவில்லை. அப்படியானால் மைதானத்தில் நான் ஓடிய மாதிரி எதிர்ப்பக்கமாகச் சுற்று என்றேன். நான் சாமியையே திட்டிவிட்டது போல அவள் என்னைப் பார்த்தாள்.

“கோயில எதிர்ச்சுத்தா? போலீஸ்காரனாவறதுக்கு முன்னாடியே புத்தி கெட்டுப்போச்சாடா?”

மறுநாள் காலை நானும் கூடப் போனேன். திசையை மாற்ற வேண்டாம், ஓரத்தை மாற்றினால் போதும் என்று வழியில்தான் புரிந்தது. வலம்தான் வந்தோம், ஆனால் வலது ஓரமாக, சரிவு மறுபக்கம் இருக்கும்படி. களைத்த இடத்தில் உட்கார வைத்தேன். மூன்றாவது சுற்றில் அந்தக் கம்பம் வந்ததும் நின்று அவள் முகத்தைப் பார்த்தேன்.

“குத்தலடா,” என்றாள்.

ஆறு நாளும் அப்படியே நடந்து முடித்தோம். வீக்கம் பாதி வடிந்திருந்தது. ஏழாம் நாள் அவள் என் இடத்தில் குழிக்குள் காலை இறக்கி உட்கார்ந்தாள். நான் அவளுடைய இடத்தில் உட்கார்ந்து கரை நாடாவை வீசினேன். நூலைப் பார்க்காமல் அவள் முட்டியையே பார்த்துக்கொண்டிருந்ததில், நாடா இரண்டு முறை கைதவறி விழுந்தது.