மாப்பிள்ளை இல்லாத திறந்த கார்

கார் வாங்கப் போகிறேன் என்றதும் வீட்டில் வந்த முதல் கேள்வி, எத்தனை பேர் உட்காரலாம் என்பதுதான். இரண்டு என்றேன். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வெளியே வந்துவிட்டாள்.

"பின்னாடி?"

"பின்னாடி சீட்டே கெடையாதும்மா."

"மேல?"

"மேல துணி. அதையும் மடிச்சிரலாம்."

"அப்ப என்னதான்டா இருக்கு அதுல?"

நியாயமான கேள்வி. ஆனால் நான் ஏற்கெனவே விழுந்திருந்தேன். கோயம்புத்தூரில் பழைய கார் விற்பவரின் கொட்டகையில் அது நின்றது. சிவப்பு, ஃபைபர் பாடி, என் இடுப்பைத் தாண்டிக் கொஞ்சம் உயரம். பக்கத்திலேயே அதே விலைக்கு ஐந்து பேர் போகும் கார், ஏசியோடு. புத்தி உள்ளவன் அதைத்தான் வாங்குவான். அதில் உட்கார்ந்து பார்த்தேன், ஒன்றும் தோன்றவில்லை. இதில் மணையில் உட்காருவது போல இறங்கினேன். தலைக்கு மேலே வானம். கதை முடிந்தது.

அரியலூர் ரோட்டில் சிமெண்ட் லாரி பக்கத்தில் வந்தால் அதன் டயர் என் காதுக்கு நேரே சுற்றும். வீட்டுக்கு வந்து கண்ணாடி பார்த்தால் புருவம் நரைத்திருக்கும். இருக்கட்டும். மக்காச்சோளக் கொல்லைகளுக்கு நடுவே கூரையை மடித்துப் போட்டுப் போகும்போது, இதே வழியில் நான்கு வருடம் காலேஜ் பஸ்ஸில் போனவனுக்கு இவ்வளவு பெரிய வானம் இங்கே இருப்பதை ஒருத்தரும் சொல்லவில்லையே என்றிருக்கும்.

ஒரே தொல்லை, எங்கள் பக்கம் திறந்த கார் என்றால் ஓட்டு கேட்டு வரும், இல்லாவிட்டால் மாப்பிள்ளையை ஏற்றி வரும். மூன்றாவது காரணம் யாருக்கும் தெரியாது. சிறுவாச்சூரில் டீக்கு நிறுத்தினால்கூட, "மாப்ள எங்கப்பா?" என்று சீட்டுக்குள் எட்டிப் பார்ப்பார்கள்.

எனக்கு ஒரே சட்டம்தான், சாவியை யாருக்கும் தரமாட்டேன். அதன் கிளட்ச் நோஞ்சான். அது போனால் ஸ்பேர் கிடைக்காது, கார் அப்படியே நின்றுவிடும் என்று மெக்கானிக் சொல்லியிருந்தார்.

ஒரு சாயங்காலம் ஜெயங்கொண்டம் தாண்டி, முந்திரித் தோப்பு ரோட்டில் வரதராஜன்பேட்டைப் பக்கம் போனேன். மாதாகோயில் வாசலில் கூட்டம். பேண்டு செட் தயாராக நின்றது. என்னைப் பார்த்ததும் நாலு பேர் ஓடி வந்து காரை மறித்தார்கள்.

"ஏன்டா தம்பி இவ்ளோ லேட்டு? பூச முடிஞ்சு எவ்ளோ நேரமாச்சு!"

நான் அந்த வண்டி இல்லை என்று புரியவைப்பதற்குள் காருக்கு மாலை போட்டுவிட்டார்கள். அவர்கள் பேசிவைத்திருந்த திறந்த கார் வழியில் படுத்துவிட்டதாம். பொண்ணு மாப்பிள்ளை மண்டபம் வரை ஊர்வலம் போக வேண்டும். மாப்பிள்ளையின் பெரியப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீயே ஓட்டிட்டு வாப்பா."

"ரெண்டே சீட்டுங்க. நான் ஓட்டுனா ஒருத்தர்தான் ஏற முடியும்."

கூட்டம் காருக்குள் எட்டிப் பார்த்தது. பின்சீட்டைத் தேடியது. பிறகு, நீயே ஓட்டுவாயா என்பதுபோல மாப்பிள்ளையைப் பார்த்தது.

கோட்டு சூட்டில் வேர்த்துக்கொண்டிருந்த மாப்பிள்ளை கையை விரித்தார். "எனக்கு பைக்குதான் ப்ரோ தெரியும்."

"எனக்குத் தெரியும்," என்றது ஒரு குரல். மணப்பெண். வெள்ளைப் புடவை, தலையில் நெட் முக்காடு. "எங்கப்பாவோட முந்திரி லோடு வண்டிய நான்தான் ஓட்டுறேன். லைசென்ஸும் இருக்கு."

பெரியப்பா அதிர்ந்துபோனார். "பொண்ணு ஓட்டி, மாப்ள சும்மா குந்திக்கிட்டு வர்றதா? ஊரு என்னம்மா சொல்லும்?"

"நடந்து போனா மட்டும் பாராட்டுமா பெரிப்பா?" என்றார் மாப்பிள்ளை. எல்லோரும் சிரித்தார்கள்.

எல்லோரும் சிரித்துக்கொண்டே என்னைப் பார்த்தார்கள். சாவி என் கையில். ஊர்வலம் என்றால் ஃபர்ஸ்ட் கியரில் ஊர்ந்தே போகணும், கிளட்சைக் கொல்ல அதைவிட நல்ல வழி கிடையாது.

"கிளட்ச் ரொம்ப வீக்குங்க," என்றேன்.

"லோடோட மேட்டுல நிறுத்தி எடுப்பேண்ணா. கிளட்சுல கால வச்சு அரைக்க மாட்டேன்."

கொடுத்துவிட்டேன்.

அவள் செருப்பைக் கழற்றி மாப்பிள்ளை மடியில் போட்டாள். நெட்டைச் சுருட்டி இடுப்பில் செருகினாள். பேண்டு அடித்தது. கார் ஒரு குலுக்கல்கூட இல்லாமல் நகர்ந்தது.

நான் ஓரமாக நடந்தேன். அப்போதுதான் உறைத்தது, இந்தக் கார் போவதை நான் பார்த்ததே இல்லை. எப்போதும் நான் உள்ளே இருந்தேன். வெளியே இது இப்படியா இருந்தது? சீரியல் லைட்டெல்லாம் பானெட்டில் ஓடி வழிந்தது. மாடியில் நின்றவர்கள் பூவை நேராக அவர்கள் மடியில் போட்டார்கள். தடுக்கக் கூரை இல்லையே. தாழ்வான கார் என்பதால் சக்கர நாற்காலியில் இருந்த ஒரு கிழவர்கூட வாசலில் இருந்தபடியே மாப்பிள்ளை கையைப் பிடித்துக் குலுக்கினார். எனக்கு வாய் மூடவில்லை. நானா வாங்கினேன் இதை?

மண்டப வாசலில் கார் நின்றது. கிளட்ச் கருகிய வாசனை வருகிறதா என்று குனிந்து மோந்தேன். மல்லிகை வாசனைதான். அவள் சாவியை நீட்டினாள், ஆனால் விடவில்லை.

"அண்ணா, இவ்ளோ நேரம் ஊந்துக்கிட்டே வந்துட்டேன். தோப்பு வரைக்கும் ஒரே ஒரு தடவ நல்லா ஓட்டிப் பாத்துட்டு வரட்டுமா?"

"பிரியாணி ஆறுதும்மா!" என்று பெரியப்பா கத்தினார்.

"போயிட்டு வாங்க," என்றேன். "நான் இங்கியே நின்னு பாக்குறேன்."