அடிபம்பு வரைக்கும் கடல்

லேத்துப் பட்டறையில் கை துடைக்கவும் மெஷின் துடைக்கவும் வேஸ்ட் துணி வேண்டும். பனியன் கம்பெனியில் வெட்டிப் போட்டது, தையல் கடையில் மிச்சம் விழுந்தது எல்லாம் மூட்டையாகக் கட்டி வரும். எடை போட்டு வாங்குவார்கள். தொண்ணூறுக்கு முன்னால் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்னப் பட்டறையில் நான் வேலை பார்த்தேன். மூட்டை பிரிப்பது என் வேலை இல்லை. ஆனாலும் நான்தான் பிரிப்பேன். எண்ணெய்க் கை படுவதற்கு முன்னால் மகளுக்கு ஏதாவது தேறுமா என்று பார்ப்பேன்.

ஒரே மகள். அப்போது அவளுக்கு ஏழு வயது. பொம்மை கேட்டதில்லை. துணிதான் கேட்பாள். சிவப்புத் துண்டு கிடைத்தால் அது அடுப்பில் நெருப்பு. மஞ்சள் கிடைத்தால் யாருக்கோ கல்யாணம். வெள்ளையைத் தலையில் போட்டால் பேய், கழுத்தில் போட்டால் டாக்டர். ஆவடிப் பக்கம் சேக்காட்டில் எங்கள் வீட்டு வரிசையில் இருந்த இரண்டு பெண் பிள்ளைகள் கூட வந்து சேரும். நான் வேலை முடிந்து வரும்போது மூன்றும் ஒரு ஊரையே நடத்திக்கொண்டிருக்கும்.

ஒரு தடவை பாக்டரி ஆட்கள் குடியிருந்த குவாட்டர்ஸ் பக்கம் இருந்த பள்ளிக்கூட விழாவுக்குப் போய்விட்டு வந்தாள். மேடையில் நீலத் துணியை இரண்டு பேர் இரண்டு முனையில் பிடித்து ஆட்டினார்களாம். கீழே ஒரு பையன் நீந்திப் போனானாம்.

"நைனா, எனக்குக் கடல் வேணும்."

"எம்மாம் பெருசு?"

வாசற்படியில் இருந்து அடிபம்பு வரைக்கும் நடந்து காட்டினாள். "இத்தினி."

ஆவடி மார்க்கெட்டில் கட் பீஸ் கடைக்குப் போனேன். கடைக்காரர் நீலத் துணியை எடுத்துப் போட்டார். பாவாடைக்கா, திரைக்கா என்று கேட்டார். பிள்ளை விளையாட என்றேன்.

"வெளையாடவா? இத்தினி மீட்டரா? ஒரு ஜாக்கெட் பிட்டு வாங்கிகினு போ அண்ணாத்தே. அத்த வெச்சி ஆடட்டும்."

வாங்காமல் வந்துவிட்டேன். அந்தத் துணியில் அவளுக்கு இரண்டு யூனிபார்ம் தைக்கலாம் என்று வீட்டுக்காரி சொன்னாள். அதுவும் சரிதான்.

பிறகு பட்டறையில் நீலம் தேட ஆரம்பித்தேன். எங்கள் முதலாளி வெள்ளை வேஸ்ட்டுதான் கேட்டு வாங்குவார். கலர் சாயம் விடும், மெஷினில் ஒட்டும் என்பார். கலர் ஒன்றிரண்டு தப்பி வந்தால்தான் உண்டு. மூட்டை கொண்டு வருகிறவரைக் கேட்டேன்.

"நீலமா? மே மாசம் வரைக்கும் பொறுத்துக்க. யூனிபார்ம் தெக்கிற சீசன். அப்போ கொட்டும்."

பொறுத்தேன். மே வந்தது. அவர் சொன்ன மாதிரியே வெள்ளைக்கு நடுவில் நீலம் வந்தது. கையளவு சில, முழத்துக்கு மேல் சில. பொறுக்கி உதறி, ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, என் டூல்ஸ் பெட்டியில் வைத்தேன். அன்றன்றைக்கு வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. முழுதாகச் சேர்ந்ததும் பக்கத்து வீட்டுத் தையல் மெஷினில் ஒட்டுப்போட்டு, கடலாகவே கையில் கொடுக்க வேண்டும் என்று இருந்தேன்.

பக்கத்து மெஷின்காரன் என்னைவிடச் சின்னவன். வாய் சும்மா இருக்காது.

"இன்னா மாமே, டெய்லி நீலமா பொறுக்கினுகீற? பாவாட தெக்கப் போறியா?"

நான் துணியை உதறி மடித்தேன்.

"சொல்லு மாமே. எதுக்கு?"

"வோணும்."

"சுத்தமா மடிச்சி வெச்சிக்கினுகீறியே. ஆயுத பூசைக்கா?"

"ஆமா" என்றேன். அப்படிச் சொன்னால் விடுவான். விட்டான். அதற்கப்புறம் யாரும் கேட்கவில்லை.

புரட்டாசி பாதியில் துணி போதும் என்று தோன்றியது. மகளிடம் சொன்னேன்.

"பூச அன்னிக்கு வரும்."

"நெசமா?"

"வரும்."

பூசைக்கு முந்தின நாள் ராத்திரி தைத்துவிடலாம் என்று பை என் பெட்டியிலேயே இருந்தது. அன்றைக்குப் பட்டறையில் வேலை ஓடாது. எல்லா மெஷினையும் மண்ணெண்ணெய் போட்டுக் கழுவித் துடைப்பார்கள். வாழைக்கன்றும் பூசணிக்காயும் வாங்க என்னை மார்க்கெட்டுக்கு அனுப்பினார்கள். நான் திரும்பி வந்தபோது பட்டறை பளபளவென்று இருந்தது. ஒவ்வொரு மெஷின் காலடியிலும் கறுப்பாய் ஒரு துணிக் குவியல். ஓரத்தில் மட்டும் நீலம் தெரிந்தது.

சின்னவன் ஓடி வந்தான். சிரித்த முகம்.

"பூசைக்குன்னு எடுத்து வெச்சிருந்தியே, அத்தத்தான் எடுத்தோம் மாமே. பனியன் துணிய விட நல்லா துடைக்குது. மொதல்ல உன் மெஷினத்தான் துடைச்சேன். பாரு."

பார்த்தேன். இரும்பைக் கவ்விப் பிடிக்கிற சக்கில் என் முகம் தெரிந்தது.

"நல்லாகீது" என்றேன்.

பூசைக்கு என்று சொன்னவன் நான்தானே.

மறுநாள் பொரி, கடலை, வாழைப்பழம் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டு வந்தேன். மகள் அடிபம்பு மேடையில் உட்கார்ந்திருந்தாள். கூட்டாளிகள் இரண்டும் பக்கத்தில். பையை வாங்கி உள்ளே பார்த்தாள். பொரியை ஒதுக்கிவிட்டு அடியில் பார்த்தாள்.

"மெஷின் துடைச்சிட்டாங்கம்மா" என்றேன்.

அவள் அழவில்லை. அழுதிருக்கலாம். பொரியை மூன்று பேருக்கும் பங்கு போட்டாள்.

அழுக்குத் துணியில் கொஞ்சம் வீட்டுக்குக் கொண்டுவந்து சலவை சோடாவில் ஊறவைத்துப் பார்த்தேன். நிறம் போனது, எண்ணெய் போகவில்லை. வீட்டுக்காரி குச்சியால் தூக்கி வெளியே போட்டாள்.

அடுத்த மே மாதம் முதலாளி வேறு ஆளிடம் மூட்டை வாங்க ஆரம்பித்திருந்தார். வெள்ளை மட்டும்தான் வந்தது. அதற்கடுத்த மே மாதமும் வெள்ளைதான். நான் பழைய ஆளைத் தேடிப் பிடித்தேன். லீவு நாளில் பக்கத்தில் பாடியில் இருந்த அவர் கொட்டகைக்குப் போய், மூட்டை மூட்டையாக அவிழ்த்துப் பொறுக்கினேன். கிடைத்ததை அன்றைக்கே வீட்டுக்குக் கொண்டுவந்தேன். யார் கேட்டாலும் "எம் பொண்ணு கடல் கேட்டுச்சி" என்றேன். சிரித்தார்கள். ஆனால் ஒரு துண்டும் தொலையவில்லை. கடல் அளவுக்குச் சேர இன்னும் ஒரு வருஷம் பிடித்தது.

ஒட்டுப்போட்ட துணி வந்தபோது அவள் ஆறாவது போய்விட்டாள். கூட்டாளி ஒருத்தியின் அப்பாவுக்கு வேப்பம்பட்டில் மனை கிடைத்து அவர்கள் போய்விட்டார்கள். இன்னொருத்தி வயதுக்கு வந்து வீட்டுக்குள் இருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் துணியைக் கையில் கொடுத்தேன். பிரித்தாள். வெளிர் நீலம், கரு நீலம், மயில் கழுத்து நீலம். விரலால் தையலைத் தடவிக்கொண்டே போனாள். வாசற்படியில் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். நான் மறு முனையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். அளவு சரியாக இருந்தது. என் முதுகில் அடிபம்பு இடித்தது.

"ஆட்டு நைனா" என்றாள்.

ஆட்டினேன். அவளும் ஆட்டினாள். துணி எழும்பி நடுவில் காற்று நிறைந்தது. மறுபடியும் ஆட்டினோம். அப்படியே கொஞ்ச நேரம்.

"போதும் நைனா. கை வலிக்கப் போவுது உனக்கு."

மடித்தாள். ஒழுங்காக, மூலைக்கு மூலை சேர்த்து.

இப்போது அவள் தூரத்தில் இருக்கிறாள். அவள் இருக்கிற ஊரில் நிஜக் கடல் இருக்கிறது. ஜன்னலைத் திறந்தால் தெரியும் என்று போனில் சொல்கிறாள். துணி என்னிடம்தான் இருக்கிறது. சாயம் கொஞ்சம் விட்டிருக்கிறது, தையல் விடவில்லை. எப்போதாவது எடுத்துப் பிரிப்பேன். அந்த ஞாயிற்றுக்கிழமைதான் நினைவுக்கு வரும். இரண்டு முனைக்கும் ஆள் இருந்தோம். அடியில் நீந்திப் போகத்தான் யாரும் இல்லை.